ஷியே ஷீடே: குறைகடத்தி ஆய்வாளர், பல்கலைக்கழகத் தலைவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினிச் சில்லுகள் செய்யப் பயன்படும் குறைகடத்தி (செமிகண்டக்டர்) என்றதும் இன்றைய மாணவர்களுக்குத் தைவானும் தென்கொரியாவும் அமெரிக்காவும் நினைவுக்கு வருகின்றன. சீனாவில் அந்தத் துறையை ஒரு கரும்பலகையிலிருந்து தொடங்கி வைத்த இருவரில் ஒருவரான ஷியே ஷீடே என்னும் பெண் இயற்பியலாளரைப் பற்றிப் பேசினால், புதுவை இலாசுப்பேட்டையில் உள்ள கல்லூரி மாணவியரும் கடலூர் தேவனாம்பட்டினத்து மாணவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. தேர்வுக்கு வேண்டியவை அல்ல என்றாலும், இளங்கலை இயற்பியல் படிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

ஷியே ஷீடே யார்?

1921 மார்ச் 19 அன்று சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள சுவான்ஜோ என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். ஷியே என்பது குடும்பப்பெயர். சீன வழக்கப்படி அது முன்னால் வருகிறது. ஷாங்காயில் உள்ள ஃபூடான் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் ஆசிரியராகவும், 1978 முதல் துணைத் தலைவராகவும், 1983 முதல் 1988 வரை தலைவராகவும் இருந்தார். அங்கே பல்கலைக்கழகத் தலைவர் என்பவர் நம் ஊர்த் துணைவேந்தர் செய்யும் வேலையைச் செய்பவர். 2000 மார்ச் 4 அன்று ஷாங்காயில் காலமானார்.

இயற்பியல் குடும்பத்தில் பிறந்ததால் வழி எளிதாக இருந்ததா?

தந்தை ஷியே யூமிங் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற இயற்பியலாளர், பேராசிரியர். 1930களின் முற்பகுதியில் கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனமான கால்டெக்கில் ஹூஸ்டன் என்பவருடன் சேர்ந்து ஹைட்ரஜன் நிறமாலையின் நுண்வரிகளை அளந்து, எலக்ட்ரானைப் பற்றிய டிராக்கின் குவாண்டம் கோட்பாடு சொல்வதற்கும் அளவீட்டுக்கும் இடையே சிறிய வேறுபாடு இருப்பதைக் காட்டியவர். 1947இல் அமெரிக்க இயற்பியலாளர் லாம்ப் அதே வேறுபாட்டை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவி, பின்னர் நோபல் பரிசு பெற்றார். ஆகவே வீட்டில் இயற்பியல் இருந்தது என்பது உண்மைதான்.

ஆனால் எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஷியே ஷீடேவுக்கு நான்கு வயதாகும்போதே தாய் இறந்துவிட்டார். பாட்டியின் வளர்ப்பு. பள்ளிப்படிப்பு முடியும் வேளையில் ஜப்பானியப் படையெடுப்பால் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. 1938இல் இடுப்பு மூட்டில் காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதே 1943இல்தான். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் படுக்கையில் கழிந்தன. பிழைத்து எழுந்தபோது ஒரு கால் மடங்காமல் விறைத்துப்போயிருந்தது; வாழ்நாள் முழுதும் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். 1942இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போரினால் அந்தப் பல்கலைக்கழகமே கடற்கரையை விட்டு மலைப்பகுதியான சாங்டிங்குக்குப் போயிருந்தது. 1946இல் பட்டம் பெற்றபோது வயது இருபத்தைந்து. நம் மாணவர்களில் இரண்டாண்டு இடைவெளி விழுந்ததும் படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணுபவர்கள் இருப்பதால், இந்த வயதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் என்ன படித்தார்? ஏன் இங்கிலாந்து வழியாகத் திரும்பினார்?

1947இல் அமெரிக்கா சென்று, ஸ்மித் கல்லூரியில் 1949இல் முதுகலைப் பட்டமும், எம்.ஐ.டி.யில் 1951இல் முனைவர் பட்டமும் பெற்றார். மிகையான அழுத்தத்துக்கு உள்ளான ஹைட்ரஜனில் எலக்ட்ரானின் அலைச்சார்பு (அது எங்கே இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் கணிதச் சார்பு) எப்படி மாறுகிறது என்பது ஆய்வுப் பொருள். இதில் குறைகடத்தி எதுவும் இல்லை. ஆனால் நெருக்கி அடுக்கப்பட்ட அணுக்களுக்கு இடையே எலக்ட்ரான் என்ன செய்கிறது என்னும் கேள்விதான் திண்மநிலை இயற்பியலின் அடிப்படைக் கேள்வி.

கொரியப் போர் மூண்டபின், அறிவியலும் பொறியியலும் படித்த சீன மாணவர்கள் தாய்நாடு திரும்புவதை அமெரிக்க அரசு தடுத்தது. அவர் மணம் செய்துகொள்ளவிருந்த ட்சாவ் தியேன்ச்சின் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் ஆய்வில் இருந்தார். சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீடம் உதவியுடன் இங்கிலாந்தில் நுழைய அனுமதி கிடைத்தது. 1952இல் அங்கே திருமணம் முடிந்தது. அதே ஆண்டு இருவரும் சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் புறப்பட்டுச் சீனா சேர்ந்தார்கள். தந்தைக்கு இந்த முடிவில் உடன்பாடு இல்லை. அவர் பிலிப்பைன்ஸிலும் பிறகு தைவானிலும் வாழ்ந்து 1986இல் இறந்தார். மகளும் தந்தையும் அதன்பின் சந்திக்கவே இல்லை. நாட்டுப்பற்று என்று ஒரே சொல்லில் இந்தத் திரும்புதலைச் சொல்லிவிடுபவர்கள், அதற்குக் கொடுத்த விலையைச் சொல்வதில்லை.

1956இல் நடந்தது என்ன? அதை ஏன் எல்லோரும் திருப்புமுனை என்கிறார்கள்?

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகியோரின் முயற்சியால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறைகடத்திக் கருவியான டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்த ஆண்டு 1956. அதே ஆண்டில் சீன அரசு அறிவியலுக்கான பன்னிரண்டு ஆண்டுத் திட்டத்தை வகுத்து, கணினி, தானியக்கம், வானொலி மின்னணுவியல், குறைகடத்தி ஆகிய நான்கையும் உடனடி நடவடிக்கைக்கு உரியவை என்று அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டது, ஆனால் துறையை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் எடுக்கப்பட்ட முடிவுதான் கவனிக்கத்தக்கது. இருக்கும் சிலரைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பி ஆளுக்கொரு ஆய்வகம் கட்டித் தராமல், பீக்கிங், ஃபூடான், நான்ஜிங், ஷியாமென், வடகிழக்கு மக்கள் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களையும் மேல்வகுப்பு மாணவர்களையும் பெய்ஜிங்கில் ஒரே இடத்தில் கூட்டி, இரண்டு ஆண்டுகள் குறைகடத்தி மட்டுமே கற்பித்தார்கள். தலைமை ஹுவாங் குன். துணைத் தலைமை ஷியே ஷீடே. ஹுவாங் குன், மாக்ஸ் பார்னுடன் இணைந்து படிகங்களின் அதிர்வியல் பற்றி எழுதியவர். உலக அளவில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். ஷியே ஷீடே அப்போதுதான் தாயாகியிருந்தார். ஐந்து மாதக் குழந்தையை ஷாங்காயில் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெய்ஜிங் சென்றார்.

கற்பிக்கப் பாடநூல் இல்லை. வகுப்புக்காக எழுதிய குறிப்புகள் வளர்ந்து, 1958இல் இருவரும் சேர்ந்து எழுதிய குறைகடத்தி இயற்பியல் நூலாக வெளிவந்தன. அந்தத் துறையில் சீன மொழியின் முதல் விரிவான பாடநூல் அது. ஆற்றல் பட்டைகள், இணைதிறன் பட்டைக்கும் கடத்துப் பட்டைக்கும் இடையிலான இடைவெளி, மாசூட்டல் (வேற்று அணுக்களைச் சிறிதளவு கலத்தல்), மின்துளைகளின் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்களின்) இயக்கம் என்று இன்று நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் மேலோட்டமாகப் படிப்பவற்றை, அவர்கள் குவாண்டம் இயற்பியலின் அடித்தளத்திலிருந்து தங்கள் மொழியிலேயே கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அந்த வகுப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் பயின்றார்கள். அவர்களில் ஒருவர் வாங் யாங்யுவான். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஷாங்காயில் எஸ்.எம்.ஐ.சி. என்னும் சில்லு உற்பத்தி நிறுவனம் 2000இல் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களுள் இருந்தவர். பயிற்சி முடிந்ததும் 1958இல் ஷியே ஷீடே ஷாங்காய் திரும்பி, அங்கே தொடங்கப்பட்ட தொழில்நுட்ப இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் துணை இயக்குநரானார்.

அவர் எதைக் கண்டுபிடித்தார்?

மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. நேர்மையான விடை, அவர் பெயரால் வழங்கும் விளைவோ சமன்பாடோ கருவியோ இல்லை என்பதுதான். அவர் செய்த ஆய்வுகள் தரமானவை. படிகங்களின் சமச்சீர்மையைக் குலக்கோட்பாடு என்னும் கணிதப் பிரிவின் துணையுடன் அணுகுவதிலும், குறைகடத்திப் பரப்புகளின் எலக்ட்ரான் நிலைகளைக் கணக்கிடுவதிலும் அவருக்கும் அவருடைய குழுவுக்கும் மதிப்பான இடம் உண்டு. ஆனால் அவருடைய வாழ்வின் எடை அங்கே இல்லை.

முப்பத்தைந்து வயதில், ஆய்வுக்கு மிகவும் உகந்த பருவத்தில், அவர் கட்டுரை எழுதுவதைத் தள்ளி வைத்துவிட்டுப் பாடம் எழுதினார். மற்றவர்கள் ஆய்வு செய்வதற்கான தளத்தை அமைப்பதே அவர் தேர்ந்துகொண்ட வேலை. ‘சீனக் குறைகடத்தியின் தாய்’ போன்ற அடைமொழிகள் இதை மறைத்துவிடுகின்றன என்பது என் கருத்து. முன்னோடி என்றால் கண்டுபிடித்தவர் என்று மட்டுமே பொருள்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால், பாடத்திட்டம் வகுத்தவர்களையும் ஆய்வகம் நிறுவியவர்களையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அதே காலத்தில் இந்தியாவில் என்ன நிலை?

இந்தியா வெறுமனே இருந்துவிடவில்லை. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் படிகங்களின் காந்தப் பண்புகளில் உலகம் அறிந்த ஆய்வாளர். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பிலானியில் மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் தொடங்கப்பட்டது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954இல் உருவாகி, 1960களில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தயாரித்தது. மொகாலியில் அரசின் குறைகடத்தி ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கி, 1989இல் தீ விபத்தில் பெரும் சேதம் அடைந்தது. சீனாவின் 1956 வகுப்புகளைப் போல, பல பல்கலைக்கழகங்களை ஒரே இடத்தில் கூட்டிய பயிற்சி மட்டும் அந்தக் கட்டத்தில் இங்கே நடைபெறவில்லை.

பண்பாட்டுப் புரட்சியின்போது அவருக்கு என்ன நேர்ந்தது?

1966இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு, படித்தவர்களைக் குறிவைத்த மாவோவின் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியது. வெளிநாட்டில் படித்தவர்கள் என்பதே குற்றமாகிவிட, கணவனும் மனைவியும் தனித்தனியே விசாரணைக்கு உள்ளானார்கள். ஷியே ஷீடே வளாகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார். பிறகு துப்புரவு வேலையும், பல்கலைக்கழகத்தின் பட்டறையில் சிலிக்கன் தகடு தேய்க்கும் வேலையும் தரப்பட்டன.

அந்த வேலை எத்தகையது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உருளையாக வளர்க்கப்பட்ட சிலிக்கன் படிகத்தை வைர விளிம்புள்ள வாளால் மெல்லிய வட்டத் தகடுகளாக அறுப்பார்கள். அறுத்த பரப்பில் கண்ணுக்குத் தெரியும் கீறல்களும், அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத படிகச் சிதைவும் இருக்கும். தகட்டை மெழுகினால் ஓர் உலோகக் கட்டையில் ஒட்டி, நீரில் குழைத்த உராய்வுத் தூளைத் தடவிய சமதளத்தின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். தூள் படிப்படியாக நுண்மையாகும். நடுவில் ஒரே ஒரு பரும்படித் துகள் புகுந்தாலும் நீளக் கீறல் விழுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். அந்தத் தகட்டுக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்பதற்குப் பாடநூல் எழுதியவரை உட்கார வைத்துத் தேய்க்கச் சொன்னார்கள்.

மேற்பரப்பு இயற்பியலை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்?

பத்தாண்டுக் குழப்பம் ஓய்ந்தபின், 1977இல் அறிவியல் திட்டமிடலுக்கான தேசிய அளவிலான கூட்டம் ஒன்றில், சீனா மேற்பரப்பு இயற்பியலைத் தொடங்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். வயது ஐம்பத்தாறு. பழைய துறையிலேயே மூத்தவராக உட்கார்ந்திருக்கலாம், புதியதைத் தொடங்கினார். அதற்குக் காரணங்கள் இருந்தன.

சிலிக்கன் படிகத்தின் உள்ளே ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களுடன் பிணைந்திருக்கிறது. பரப்பில் இருக்கும் அணுவுக்கு மேற்புறத்தில் அண்டை இல்லை. திருப்பாதிரிப்புலியூர்த் தேரோட்டக் கூட்டத்தில் நடுவில் நிற்பவர் நான்கு பக்கமும் நெருக்குண்டு அசையாமல் நிற்க, விளிம்பில் நிற்பவர் பிடிமானம் தேடிக் கையை நீட்டுவதைப் போல, பரப்பணுவின் பிணைப்பு ஒன்று இணையின்றி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இணையற்ற பிணைப்புகள் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டிரான்சிஸ்டர் பிறப்பதற்கு முன், மின்புலத்தைக் கொண்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சிகள் தோற்றதற்கு இத்தகைய பரப்பு நிலைகளே காரணம் என்று விளக்கியவர் பார்டீன். சிலிக்கன் மேல் ஆக்சைடு படலத்தை வளர்த்து அந்த நிலைகளை அடக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான், இன்று ஒவ்வொரு சில்லிலும் இருக்கும் மாஸ் (உலோகம்–ஆக்சைடு–குறைகடத்தி) டிரான்சிஸ்டர் சாத்தியமானது. சில்லு சிறிதாகச் சிறிதாக, உட்பகுதியைவிடப் பரப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும். ஷியே ஷீடே பார்த்தது இதைத்தான்.

இந்தத் துறைக்கு மீயுயர் வெற்றிடம் வேண்டும். ஒரு டாரில் (டார் என்பது அழுத்தத்தின் அலகு) பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அழுத்தம் என்பது சாதாரண வெற்றிடக் கருவி தரும் நல்ல வெற்றிடம். ஆனால் அதிலும்கூட, சுத்தமான படிகப் பரப்பின் மேல் ஒரே நொடியில் ஓர் அணுப்படலம் அளவுக்கு வாயு மூலக்கூறுகள் வந்து மோதிவிடும். அளவெடுக்கச் சில மணி நேரமாவது கிடைக்க வேண்டுமானால், அழுத்தத்தை மேலும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். உப்புக் காற்றில் கருவி பாதுகாக்கும் நம் கடற்கரைக் கல்லூரி ஆய்வக உதவியாளர்களுக்கு இதன் கடினம் சொல்லாமலே புரியும். அப்படிப்பட்ட கருவிகளை வாங்க அந்நியச் செலாவணியும் பயன்படுத்தப் பயிற்சியும் இல்லாத நாட்டில், அவர் கோட்பாட்டுக் கணக்கீட்டிலிருந்து தொடங்கி, ஆள்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்றுவித்து, பிறகு சோதனைக் கருவிகளைச் சேர்த்தார். ஃபூடானின் மேற்பரப்பு இயற்பியல் ஆய்வகம் பின்னாளில் நாட்டின் முதன்மை ஆய்வகங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. குறைகடத்தி இயற்பியலுக்கான பன்னாட்டு மாநாடு 1992இல் பெய்ஜிங்கில் கூடியதிலும் அவருடைய முயற்சிக்குப் பங்கு உண்டு.

பல்கலைக்கழகத் தலைவராக என்ன மாற்றினார்?

1952இல் சோவியத் முறைப்படி சீனப் பல்கலைக்கழகங்கள் பிரிக்கப்பட்டபோது, ஃபூடான் போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களுக்குக் கலையும் அடிப்படை அறிவியலும் மட்டும் மிஞ்சின. பொறியியலும் மருத்துவமும் தனித்தனி நிறுவனங்களுக்குப் போயின. ஷியே ஷீடே அந்த அமைப்பை உடைத்து, பொருளியல், மேலாண்மை, உயிர் அறிவியல், தொழில்நுட்ப அறிவியல் ஆகியவற்றுக்குத் தனிப்புலங்களை உருவாக்கினார். 1985இல் அமெரிக்க ஆய்வு மையத்தை நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் ஃபூடானில் உரையாற்றியபோது, தம் மனைவியும் இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் ஒரே ஸ்மித் கல்லூரியில் படித்தவர்கள் என்று சொன்னார்.

மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் அவர் காட்டிய தாராளம் அப்போதே விமர்சிக்கப்பட்டது. போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை என்பது உண்மை. தாமே தடையை மீறித் திரும்பியவர், திரும்பாதவர்களுக்கும் தொடர்ந்து பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த முரண். பணியாளர்களுக்கான பேருந்திலேயே வேலைக்குப் போய் வந்தார். ஆசிரியர்கள் அவரிடம் குறை சொல்ல அந்தப் பயணமே போதுமானதாக இருந்தது.

சீனாவின் முதல் பெண் பல்கலைக்கழகத் தலைவர் இவர்தானா?

இல்லை. நான்ஜிங்கின் ஜின்லிங் மகளிர் கல்லூரிக்கு வூ யீஃபாங் 1928இலேயே தலைவரானார். 1949க்குப் பிந்தைய சீனாவில் ஒரு பெரிய பொதுப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஷியே ஷீடே என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அரசியலில் இருந்தாரா?

இருந்தார். 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1982 முதல் 1992 வரை கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர். 1988 முதல் 1993 வரை அரசுக்கு ஆலோசனை கூறும் அமைப்பான ஷாங்காய் அரசியல் ஆலோசனை மாநாட்டின் தலைவர். இந்தப் பொறுப்புகள் இல்லாமல் ஃபூடானில் அவ்வளவு மாற்றங்களைச் செய்திருக்க முடியாது.

கணவரும் அறிவியலாளரா?

ஆம். ட்சாவ் தியேன்ச்சின் புரத வேதியியலாளர். 1965இல் சீன அறிவியலாளர்கள் இன்சுலினைச் செயற்கையாக உருவாக்கிய பெரும் கூட்டு முயற்சியில் முதன்மையான பங்கு வகித்தவர். கடைசி ஆண்டுகளில் நோயுற்றுப் படுக்கையில் இருந்து 1995இல் இறந்தார்.

ஃபூடானைக் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிடலாமா?

முழுமையாக ஒப்பிட முடியாது. ஃபூடான் 1905இல் தொடங்கியது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் நாடாளுமன்றச் சட்டத்தால் 1985இல் உருவானது. நம்முடையது கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பொறுப்பையும் சுமக்கிறது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், சிதம்பரத்தில் 1929 முதல் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளலாம். பல புலங்கள் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டத்தினர் அங்கே நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வளாகத்தின் அளவு பற்றியது அன்று. புதுவை, கடலூர், சிதம்பரம் ஆகிய மூன்று ஊர்களின் முதுகலை இயற்பியல் மாணவர்களையும் ஓராண்டு ஒரே இடத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு துறையைக் கற்பிக்க யாராவது முன்வருவார்களா என்பதே 1956ஐப் படிப்பவருக்குத் தோன்ற வேண்டிய கேள்வி. தூரம் ஒரு தடையே இல்லை. காலையில் பேருந்து ஏறினால் முதல் வகுப்புக்குப் போய்ச் சேரலாம்.

நூலகத்தில் இவரைப் பற்றி எப்படித் தேடுவது?

இரண்டு இடங்களில் தேட வேண்டும். இன்றைய சீன ஒலிபெயர்ப்பு முறையில் அவர் பெயரின் இரு பகுதிகளும் ஆங்கில எக்ஸ் எழுத்தில் தொடங்குகின்றன. 1980க்கு முந்தைய கட்டுரைகளிலும் அமெரிக்கப் பட்டியல்களிலும் அதே பெயர் எச் எழுத்தின் கீழ் இருக்கும். தந்தையின் கால்டெக் கட்டுரையும் எச் எழுத்தின் கீழ்தான், ஹூஸ்டனின் பெயருக்குப் பின்னால் கிடைக்கும்.